பாமினியில் கிடந்த ஊர்

கூகுளில் எங்கள் ஊரின் பெயரைத் தட்டினால் யப்பான் எழுத்து வரத் தொடங்கியிருந்தது. மேலே ஊர் இணையத்தளத்தின் முகவரி சரியாகத்தான் இருக்கும். அதற்குக் கீழே, 'அமரர்' என்று தொடங்க வேண்டிய இடத்தில், கைக்கடிகாரமும் கைப்பையும் மலிவு விலைக்கு. ரொறொன்ரோவில் இருக்கிற ஒரு மாமிதான் முதலில் ரெலிபோன் எடுத்தா. "செத்தவீட்டுப் படம் பாப்பமெண்டு அமத்தினா சூதாட்டம் வருகுது தம்பி. என்ன கோதாரியடா இது?"

தளத்தை நடத்தும் சங்கத்தின் பொறுப்பாளர் சூரிச்சில் இருக்கிறார். சுவிஸ் அண்ணை என்றால்தான் ஊரில் தெரியும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு நல்லாத்தானே தெரியுது. நீர் வைரஸ் பிடிச்ச போனில பாக்கிறீர் போல." அவர் பொய் சொல்லவில்லை. அவர் முகவரியைத் தானே தட்டி, வீட்டுக் கணினியில் பார்க்கிறவர். தளத்துக்குள் புகுந்திருந்த நச்சுநிரல் அவருக்குத் தன்னைக் காட்டவே காட்டாது. வருகிற ஆள் எந்த வழியால் வருகிறார் என்று பார்த்துத்தான் அது வேலை செய்யும். கூகுளின் தேடும் நிரல் வந்தால் யப்பானியப் பக்கம். கூகுளில் தேடி, கைபேசியில் அமத்தி வருகிறவருக்குச் சூதாட்டம். நேரே வருகிறவருக்கும், உள்ளே புகுந்து பதிவு போடுகிறவருக்கும் ஊர் ஊராகவே தெரியும். நடத்துகிறவரின் கண்ணில் படாமல் இருப்பதில்தான் அதன் பிழைப்பே இருக்கிறது. மாமிக்குத் தெரிந்தது பொறுப்பாளருக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் ஓடியது அப்படித்தான்.

ஊர்காவற்றுறைக்குப் போகிற வழியில் இருக்கிற கிராமம் எங்களுடையது. ஊர்ச் சங்கம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பெயரைச் சொன்னால் இரண்டும் சண்டைக்கு வரும், ஆகையால் விட்டுவிடுகிறேன். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, காரைநகர் என்று எதை எடுத்தாலும் வெளிநாட்டில் ஒரு சங்கமும் அந்தச் சங்கத்துக்கு ஒரு இணையத்தளமும் இருக்கும், அல்லது ஒரு காலத்தில் இருந்திருக்கும். கோயில் கொடியேற்றப் படம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, சனசமூக நிலையத்துக்குக் கூரை போடச் சேர்த்த காசுக் கணக்கு எல்லாம் அதில் போகும். ஆனால் சனம் வருவது மரண அறிவித்தலுக்கு. பிறந்த இடம், வதிவிடம், இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், பிள்ளைகள் எந்தெந்த நாடு, கிரியை எத்தனை மணிக்கு, தொடர்புக்கு நாலைந்து நாட்டு ரெலிபோன் இலக்கம். 1990, 1991 இடப்பெயர்வுகளில் கலைந்துபோன ஒரு கிராமம் எங்கெங்கே போய் விழுந்தது, யார் யாரைக் கட்டினார்கள் என்று அறிய இதைவிட முழுமையான பதிவு ஒன்றும் கச்சேரியில் இல்லை. புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் அந்த வெறுமையைப் பாடி 'காற்றுவெளிக் கிராமம்' என்று தொகுப்புப் போட்டது 1995இல். காற்று குடியிருந்த அந்த ஊர்களுக்குத்தான் சில ஆண்டுகளில் கணினிக்குள் ஆட்கள் குடியேறினார்கள்.

எங்கள் தளத்தின் ஊர்ப்பக்கத்து வேலை முழுக்க மாஸ்ரருடையது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். செத்தவீட்டுக்குச் சைக்கிளில் போவார். ஒப்பாரி ஓயும்வரை வாசலில் நிற்பார். பிறகு வீட்டுக்காரரில் நிதானமானவராகப் பார்த்துப் பிடித்து, விபரங்களைக் கொப்பியில் எழுதுவார். அடுத்த நாள் காலை பஸ் ஏறி, பண்ணைப் பாலம் தாண்டி, யாழ்ப்பாணத்தில் நெற்கஃபே ஒன்றில் இருந்து ஏற்றுவார். ஒரு படம் ஏற ஒரு தேத்தண்ணி குடிக்கலாம். வீட்டில் டொங்கிள் வந்த பிறகும் கொஞ்சக்காலம் பஸ்ஸில்தான் போனார். சந்தைக்குப் போன மாதிரியும் ஆச்சு என்பார்.

அவர் தட்டியது பாமினியில்.

பாமினி எழுத்துருவை அறியாத தலைமுறை இப்போது வந்துவிட்டது. ஈழத்தில் பத்திரிகை, கலியாணக் கார்ட், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில்தான் அச்சாகின. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவை ஏற்றிவைத்த எழுத்துரு அது. எழுத்துரு இருக்கிற கணினியில் தமிழ் தெரியும். இல்லாத கணினியில் அதே வரி வெறும் ஆங்கிலக் குப்பை. 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அதன் பின்னால் ஒரு அரைப்புள்ளி என்று கிடக்கும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிதான் விசை. தமிழில் எத்தனை மெய்யெழுத்து வரும் என்று நினைத்துப் பார்த்தால், ஒரு பந்தி முழுக்க எப்படிக் குத்துக்குத்தாக அரைப்புள்ளி விழுந்திருக்கும் என்று விளங்கும். யூனிகோட் வந்து பல காலம் ஆகியும் மாஸ்ரர் மாறவில்லை. கை பழகிவிட்டது. பின்னாளில் யாரோ அவருக்கு எழுத்துமாற்றி ஒன்றைக் காட்டிக்கொடுத்தார்கள். அதற்கு முன்னால் போட்டவை எல்லாம் பாமினியாகவே தரவுத்தளத்தில் உறங்கின.

இது ஏன் முக்கியம் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்கு முதல் வழங்கிக்காரரின் கடிதம் வந்தது.

பழைய ஹொஸ்ரிங் நிறுவனம் கணக்கை நிறுத்தி வைத்திருப்பதாகவும், இன்னின்ன கோப்புகளில் நச்சுநிரல் இருப்பதாகவும் ஒரு நீண்ட பட்டியல் அனுப்பியது. சுவிஸ் அண்ணைக்குக் கோபம். "அவங்களிட்ட இனி வேண்டாம். வேற இடத்துக்கு மாத்துவம். எல்லாத்தையும் அப்பிடியே தூக்கிக்கொண்டு போய் வைக்கலாம்தானே?"

வைக்கலாம். ஒரு பொத்தானில் முழுத் தளத்தையும் சுருட்டி எடுத்து, இன்னொரு இடத்தில் விரித்துவிட ஏற்பாடுகள் இருக்கின்றன. நோயும் கூடவே விரியும். புது நிறுவனம் ஏற்றும்போதே சோதித்து மறிக்கும், அல்லது சில வாரத்தில் இதே கடிதத்தைத் தானும் அனுப்பும். அதோடு கூகுள் கறுப்புப் பட்டியலில் போடுவது தளத்தின் பெயரை. எந்த நாட்டுச் சேர்வருக்குக் குடிபோனாலும் அந்தக் கறை பெயரோடு கூட வரும். இதை அண்ணைக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு ஆச்சியின் ஞாபகம் வந்தது.

தீவை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு நினைவு தெரிகிற வயது. அராலித்துறையால் தோணியில். ஒரு ஆளுக்கு ஒரு பை என்று மாமா கறாராகச் சொல்லியிருந்தார். ஆச்சி காணி உறுதியை எடுத்தா, அது எல்லாரும் எடுத்தது. பேணியில் கொஞ்சம் மிளகாய்த்தூள். மூன்றாவதாக அவ பையின் அடியில் வைத்தது ஒரு சீட்டுக் கொப்பி. ஊரில் அவதான் சீட்டுப் பிடிக்கிறவ. யார் எத்தனை மாதம் கட்டினது, யாருக்குக் கழிவு போய்விட்டது, யாருக்கு இன்னும் எடுக்கக் கிடக்கிறது என்ற கணக்கு முழுக்க அதில். மாமா கத்தினார். சீட்டுக்காரர் பத்துத் திசையில் ஓடுகிற நேரத்தில் கொப்பி எதற்கு என்று. ஆச்சி கேட்கவில்லை. இரண்டு பட்டுச்சேலையைப் பையிலிருந்து வெளியே எடுத்துவிட்டுக் கொப்பியை வைத்தா. பல ஆண்டு கழித்து, கொழும்பிலும் சென்னையிலும் ஆட்களைத் தேடிப் பிடித்துச் சிலருக்குக் காசைக் கொடுத்தா. சிலரிடம் வாங்கவும் செய்தா.

சேலை கடையில் வாங்கலாம், கொப்பியை வாங்க முடியாது. தளத்தைப் பெயர்ப்பதில் எனக்குத் தெரிந்த ஒழுங்கும் அவ்வளவுதான். எங்கள் தளம் ஓடுகிற வேர்ட்பிரஸ் 2003 மே 27 அன்று முதல் வெளிவந்த இலவச மென்பொருள். இன்றைக்கும் இலவசம். அதன் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அவற்றில் எங்கே எதைச் செருகினார்கள் என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடி, கழுவி, துடைத்துக் காப்பாற்ற ஒன்றுமில்லை. எறிந்துவிட்டுப் புதிதாக இறக்கவேண்டும். பிளகின்களும் அப்படியே, அவற்றைச் செய்தவர்களிடமிருந்து புதிதாக. வேறெங்கும் கிடைக்காதவை மூன்றுதான்: எழுதிய பதிவுகள் இருக்கும் தரவுத்தளம், ஏற்றிய படங்கள், தரவுத்தளத்தின் இணைப்பு விபரம் இருக்கும் ஒரு சின்ன அமைப்புக் கோப்பு. அந்த மூன்றாவதையும் பார்த்து எழுதிவிட்டு எறியலாம்.

ஆனால் எறிவதற்கு முதல், நோயோடேயே முழுப்பிரதி ஒன்று. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இறக்கிய பிரதி மடிக்கணினியில் விரியத் தொடங்கியதும், கணினியின் நச்சுக்கொல்லி ஒவ்வொரு கோப்பாகப் பிடுங்கி விழுங்கத் தொடங்கிவிடும். நல்லதுதானே என்று தோன்றும். எது எங்கே இருந்தது என்ற தடயமும் அதோடு போய்விடும். ஆகவே சுருட்டியபடியே வெளி வன்தட்டில் போட்டு, மேலே சிவப்புப் பேனையால் எழுதி, கணினியிலிருந்து கழற்றி வைத்துவிட வேண்டும். கழற்றி வைப்பது அவசியம். 2023 ஓகஸ்ட் கடைசியில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமையில் கப்பம் கேட்கும் மென்பொருள் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5000 மின்னஞ்சல் முகவரிகள் மாட்டின. மே 17இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனது போனதுதான். காப்புப் பிரதி இல்லாமலில்லை, அதுவும் அதே வலையில் தொடுத்தபடி இருந்ததால் கூடவே பூட்டுப்பட்டது. மின்னஞ்சல் மென்பொருளோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அரசாங்கமே அப்படி என்றால் ஒரு கிராமத்துச் சங்கத்தை யார் குறை சொல்வது.

நோய் எந்த வழியால் வந்தது என்றும் பார்த்தேன். எங்கள் தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீம், காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்று. யாரோ ஒரு சிநேகிதன் 'சும்மா' கொடுத்ததாம். இப்படிச் சும்மா கிடைக்கிற தீம்களுக்குள் கதவு ஒன்றைத் திறந்து வைத்தே விநியோகிப்பது ஒரு பெரிய வியாபாரம். டபிள்யூபி-விசிடி என்று அதற்குப் பெயரே உண்டு, 2019இல் வேர்ட்ஃபென்ஸ் நிறுவனம் அதைப் பற்றி விரிவாக எழுதியது. நேர்மையாக வாங்கினவர்களும் தப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2011 ஓகஸ்ட்டில் ரிம்தம்ப் என்ற, படத்தைச் சின்னதாக்கும் ஒரு குட்டி நிரலில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அது எத்தனையோ தீம்களுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தங்கள் வீட்டுக்குள் அப்படி ஒன்று இருக்கிறது என்றே சொந்தக்காரருக்குத் தெரியாது. 2014 டிசம்பரில் படவரிசை காட்டும் ஒரு பிளகினின் ஓட்டையால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தளங்கள் பாதிக்கப்பட்டன. அதுவும் தீமுக்குள் பொதிந்து வந்ததுதான்.

"ஆரோ எங்களுக்கு வேணுமெண்டு செய்தவங்கள்" என்பது சுவிஸ் அண்ணையின் கட்சி. மற்றச் சங்கத்தில் அவருக்கு ஒரு சந்தேகமும் இருந்தது. தமிழர் தளம் என்றால் அரசியல் காரணத்துக்காக உடைப்பார்கள் என்று நினைப்பது எங்களுக்கு இயல்பு. அதற்கும் கதைகள் இல்லாமலில்லை. 2021 பெப்ரவரி 6 அன்று இலங்கையின் பெயர்ப் பதிவகத்திலேயே கைவைத்து, கூகுளின் இலங்கை முகவரியைக்கூட வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். தோட்டத் தொழிலாளரின் சம்பளம் முதலான பிரச்சினைகளை அந்தப் பக்கம் பேசியது. அது செய்தி சொல்ல வந்த வேலை. எங்களுடையதில் செய்தி ஒன்றும் இல்லை. இணையம் முழுக்கக் கதவு தட்டிக்கொண்டு போகும் தானியங்கி ஒன்று, திறந்த கதவைக் கண்டு புகுந்திருக்கிறது. எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்றுகூட அதற்குத் தெரியாது. அண்ணைக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. எதிரி ஒருவனும் இல்லை என்பது அவருக்குக் கொஞ்சம் அவமரியாதையாகப் பட்டதோ என்று நினைக்கிறேன்.

படக் கோப்புறைகள் ஆண்டு, மாதம் என்று அடுக்கியபடி இருந்தன. அங்கே படம் மட்டும்தான் இருக்க வேண்டும், நிரல் ஒன்று கிடந்தால் அது வேற்றாள். இந்தச் சோதனை சுலபம். ஆனால் படம் என்ற பெயரிலும் சில இருக்கும். உலாவியின் தாவலில் தெரியும் குட்டிச் சின்னத்தின் பெயரை வைத்துக்கொண்டு உள்ளே முழுக்க நிரல். ஒவ்வொரு படமும் உண்மையாகவே திறக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அப்படிப் பார்க்கப் போனதால்தான் ஆண்டாண்டாக ஊர்ச் செத்தவீடு முழுக்க ஒருமுறை பார்த்தேன். வெள்ளை கட்டின பந்தல்கள். மாஸ்ரர் எல்லாப் படத்தையும் ஒரே இடத்திலிருந்து, தெற்கு வேலியோரமாக நின்றே எடுத்திருக்கிறார். வெயிலுக்கு முதுகு காட்ட. ஒரு படத்தில் எங்கள் ஆச்சி நிற்கிறா. வேறு யாருடையதோ செத்தவீடு.

தரவுத்தளத்தில்தான் கஷ்டம்.

நச்சுநிரலைத் தேடுகிற கருவிகள் எதைச் சந்தேகிக்கும்? வாசிக்க முடியாத நீண்ட ஆங்கில எழுத்துத் தொடர். இடையிடையே அரைப்புள்ளி, பிறைக்குறி, விசித்திரமான குறிகள். எழுதினவன் வேண்டுமென்றே குழப்பி மறைத்ததுபோன்ற தோற்றம். ஒரு கருவி எனக்குச் சிவப்பில் காட்டிய பதிவுகளைத் திறந்தால் முக்கால்வாசி மாஸ்ரரின் பாமினி! ரொறொன்ரோவில் இருந்து காசு வாங்கிக்கொண்டு துப்புரவு செய்யும் ஒருவரிடம் கொடுப்போம் என்று ஒரு கட்டத்தில் பேச்சு வந்தது. தமிழ் தெரியாத அந்த மனிதர், அல்லது தமிழ் தெரிந்தும் பாமினி தெரியாத ஒரு பொடியன், அந்தச் சிவப்பையெல்லாம் ஒரே அமத்தில் துடைத்திருப்பான். அவன்மேல் குற்றமும் இல்லை. ஊரின் முதல் ஆறேழு ஆண்டுச் சாவுகள் அத்தோடு போயிருக்கும்.

எனக்குப் பாமினியை வெறும் ஆங்கிலமாகவே வாசிக்க வரும். இளமையில் அச்சகம் ஒன்றில் கலியாணக் கார்ட் தட்டின பலன். எழுத்துரு இல்லாத திரையிலும் 'எம்' என்று தொடங்கினால் அகரம் என்று கண் தானாகவே பிடிக்கும். இதைத் திறமை என்று ஒருவரும் இதுவரை மதித்ததில்லை.

ஓலைச்சுவடி பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றவர்கள் செய்த வேலைதான் நான் செய்ததும், அளவு மட்டும் எட்டாது: ஒரு பிரதியை இன்னொரு பிரதியோடு ஒப்பிட்டு, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது எது என்று பார்ப்பது. இன்ரநெற் ஆர்க்கைவின் பழம்பக்கக் களஞ்சியம் 2001 முதல் பொதுவில் இருக்கிறது. எங்கள் தளத்தையும் அது அவ்வப்போது வந்து பிரதி எடுத்து வைத்திருந்தது. நோய் வருவதற்கு முந்திய அந்தப் பிரதியைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் செருகல் பளிச்சென்று தெரியும்.

அப்படித்தான் குமுதினிக் கட்டுரையில் அது அகப்பட்டது. 1985 மே 15, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் பயணிகளை வெட்டிக் கொன்ற நாள். மாஸ்ரர் ஒவ்வொரு மே மாதமும் அந்தப் பக்கத்தில் ஏதாவது சேர்ப்பார். உயிர்தப்பியவர் யாரையேனும் கண்டு பேசியிருப்பார், ஒரு பெயரின் எழுத்துப் பிழையைத் திருத்தியிருப்பார். அந்தப் பக்கத்தின் அடியில், திரைக்கு வெளியே இடப்புறமாக வெகுதூரம் தள்ளி வைத்து, மனிதர் கண்ணுக்குத் தெரியாதபடி, ஆண்மை மாத்திரை விற்கும் இணைப்புகள் வரிசையாகக் கிடந்தன. வெட்டி எறிய ஒரு நிமிடம்தான். அதன் காரணத்தை யோசித்தால்தான் வயிறு எரியும். பல தளங்கள் அந்தக் கட்டுரைக்கு இணைப்புக் கொடுத்திருந்தன. அதனால் கூகுள் அந்தப் பக்கத்துக்கு ஒரு மதிப்பு வைத்திருந்தது. மாத்திரை வியாபாரிக்கு வேண்டியிருந்தது அந்த மதிப்பு. தளத்திலேயே கூடுதல் மரியாதை உள்ள பக்கத்தைத்தான் தானியங்கி பொறுக்கி எடுத்திருக்கிறது. நாங்களே தெரிவு செய்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். கரம்பனில் பிறந்த தனிநாயகம் அடிகளைப் பற்றிய பக்கத்திலும் இதே சாமான். அவருடைய 1913 என்ற பிறப்பாண்டுக்கும் அடுத்த வரிக்கும் நடுவில்.

பயனர் பட்டியலுக்கு வந்தேன். மேலே மொத்தம் என்று ஒரு எண்ணிக்கை, கீழே எண்ணினால் அதைவிடக் குறைய. இது ஒரு நல்ல அடையாளம். ஒளிந்திருக்கும் நிர்வாகி தன் பெயரைப் பட்டியலிலிருந்து மறைத்துக்கொள்கிறான், எண்ணிக்கையை மறைக்க மறந்துவிடுகிறான். தரவுத்தளத்துக்குள் நேரே போய்ப் பார்த்தால் ஆள் இருக்கும். அவனை நீக்குவதில் ஒரு தயக்கமும் இல்லை. மாஸ்ரரின் கணக்கில்தான் கை நின்றது.

மாஸ்ரர் போய்ச் சில காலம் ஆகிவிட்டது. அவருடைய கணக்கு நிர்வாகி உரிமையோடு உயிராகவே இருந்தது. கடவுச்சொல் ஊர்ப்பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் யாரோ பகிர்ந்து, எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். யார் பதிவு போட்டாலும் மாஸ்ரராகத்தான் உள்ளே போவார்கள். மாஸ்ரரின் மரண அறிவித்தலும் பதிவிட்டவர் என்ற இடத்தில் மாஸ்ரரின் பெயரோடுதான் இருக்கிறது. திருடன் புகுந்த வழிகளில் ஒன்று அந்தக் கணக்கு என்பது வழங்கியின் பதிவேட்டில் தெரிந்தது. நள்ளிரவில் மாஸ்ரர் எங்கெங்கோ தேசத்திலிருந்து உள்ளே வந்து போயிருந்தார்.

வேர்ட்பிரஸ் ஒரு பயனரை நீக்கும்போது ஒரு கேள்வி கேட்கும். இவர் எழுதியவற்றை என்ன செய்வது? எல்லாவற்றையும் அழிப்பதா, வேறொருவர் பெயருக்கு மாற்றுவதா? சுவிஸ் அண்ணை தன் பெயருக்கு மாற்றச் சொன்னார். ஒரு நிர்வாகத் தேவை என்ற தொனியில்தான் சொன்னார். நான் மாற்றவில்லை. கணக்கை வைத்துக்கொண்டே அதன் உரிமையை மட்டும் உரிந்துவிடலாம். எந்தப் பங்கும் இல்லாத பயனர் என்று ஆக்கி, மின்னஞ்சலை மாற்றி, ஒருவராலும் நினைவில் வைக்க முடியாத நீளத்தில் கடவுச்சொல்லைப் போட்டு அதை எங்கும் எழுதி வைக்காமல் விட்டேன். பதிவுகளின் கீழே அவர் பெயர் இருக்கும், அந்தப் பெயரால் இனி ஒருவரும் உள்ளே வர முடியாது. அண்ணை சில நாள் கதைக்கவில்லை.

கதைக்காமல் இருக்கவும் அவரால் முடியவில்லை, ஏனென்றால் தளத்தின் பெயரைத் திருப்ப அவரும் தேவைப்பட்டார். தளத்தின் பெயரை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கணக்கு, சங்கத்தின் பழைய செயலாளர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில். அவர் இப்போது மற்றச் சங்கத்தில். அந்த மின்னஞ்சலுக்குப் போகும் இரகசிய எண் வந்தால்தான் பெயரைப் புது வழங்கிக்குத் திருப்பலாம். ஊர்ச் சங்கம் பிரிந்தால் வாசிகசாலைக் கதிரையும் சமையல் கிடாரமும் பங்குக்கு வரும், இது எல்லாருக்கும் தெரியும். பெயர் என்று ஒன்று இருப்பதே உடைவின்போது ஒருவருக்கும் ஞாபகம் வருவதில்லை. நான் நயினாதீவுக்கு, நாகபூஷணி அம்மனுக்கு ஒரு நேர்த்திக்காகப் போன அன்று, படகு நடுக்கடலில் நிற்க, ஒரு பக்கம் பழைய செயலாளர், மறுபக்கம் அண்ணை, இரண்டு பேரையும் மாறி மாறித் தொலைபேசியில் பிடித்து அந்த எண்ணை வாங்கினேன். அது பத்து நிமிடத்தில் காலாவதியாகும். நாக விகாரைக்கு வந்த சிங்களக் குடும்பமொன்று, இந்த மனிசன் என்ன சண்டை பிடிக்கிறான் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் வெளிப்பட்டது. ஒரே ஹொஸ்ரிங் கணக்குக்குள் ஊர்த்தளம் மட்டும் இல்லை. கோயில் தளம் ஒன்று, பழைய மாணவர் தளம் ஒன்று, யாரோ தொடங்கிக் கைவிட்ட வானொலி ஒன்று. இடம் மிச்சம்தானே என்று செருகி வைத்தவை. ஒன்றைக் கழுவிவிட்டு மற்றதை விட்டால், ஒரு கோப்புறையிலிருந்து மற்றதுக்குத் தாவி நோய் திரும்பவும் வரும். துப்புரவு செய்தும் திரும்பத் திரும்ப வருகிறதே என்று தலையில் அடிக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. கோயில்காரர் தங்கள் தளத்தில் கைவைக்க விடமாட்டோம் என்றார்கள். சரி, அதைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு நாங்கள் கிளம்பினோம். அதற்குப் பிறகு அந்தத் தளம் என்ன ஆனது என்பதை இங்கே எழுதினால் அது இன்னொரு சண்டை.

புது வழங்கி நெதர்லாந்தில், அம்ஸ்ரர்டாம் நகரத்தில். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு. ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள்: ஊர்காவற்றுறைத் தீவுக்கு லைடன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், அனலைதீவுக்கு ரொட்டர்டாம், காரைநகருக்கு அம்ஸ்ரர்டாம். நெடுந்தீவில் மட்டும் டெல்ஃப்ற் என்பது இன்றுவரை ஒட்டிக்கொண்டது. லைடனின் செத்தவீடுகள் இப்போது அம்ஸ்ரர்டாமில் ஒரு சேர்வரில். வில்லங்கம் என்னவென்றால், வேர்ட்பிரஸை ஓட்டும் பிஎச்பி மொழி அங்கே புதுப்பதிப்பு. எங்கள் தளம் ஓடியது 5.6இல், அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 முடிவோடு நின்றுவிட்டன. பழைய தீமை எறிந்திருந்ததால் அந்தத் தலையிடி பாதி குறைந்தது. பெயரைத் திருப்புவதற்கு முதல், என் கணினிக்கு மட்டும் புது முகவரியைச் சொல்லிக்கொடுத்து, உலகம் பழையதைப் பார்க்க நான் மட்டும் புதியதைப் பார்த்தேன்.

பார்த்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறி.

இது தமிழ்த் தளங்களைப் பெயர்ப்பவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது அனுபவிக்கும் திகில். பழைய தரவுத்தளத்தின் அட்டவணைகள் லத்தீன் எழுத்துக்கென்று உருவானவை. அதற்குள் யூனிகோட் தமிழ், ஒரு எழுத்துக்கு மூன்று பைற் வீதம், வேறு ஏதோ என்ற போர்வையில் போய் உட்கார்ந்திருந்தது. இறக்கும்போது அந்தக் குறியாக்கத்தைச் சரியாகச் சொல்லாவிட்டால் ஏற்றுகிற இடத்தில் கேள்விக்குறியாகிவிடும். கேள்விக்குறியானது கேள்விக்குறிதான், அதிலிருந்து தமிழைத் திருப்பி எடுக்க வழியில்லை. மூலத்திலிருந்து திரும்ப இறக்க வேண்டும். மூலத்தை அழிக்காமல் வைத்திருந்தால்! வேடிக்கை என்னவென்றால் மாஸ்ரரின் பாமினிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது கணினியின் கண்ணுக்கு வெறும் ஆங்கில எழுத்து. எல்லாரும் பழசு என்று திட்டிய அது ஒரு கீறலில்லாமல் கடல் தாண்டியது.

பதிவுகளின் முகவரிகளிலும் ஒரு கோணல் இருந்தது. முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் முகவரியில் 9 இடத்தைப் பிடிக்கும். கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியே கணக்கிட்டு 22 குறியோடு முகவரி வெட்டுப்படும். 'மரண அறிவித்தல் அமரர்' என்று தொடங்கும்போதே 18 போய்விடுகிறது, பெயருக்கு மிஞ்சுவது மூன்று குறிதான். ஆகவே எங்கள் ஊரில் இறந்தவர்களில் ஒரே மாதிரித் தொடங்கும் பெயருள்ளவர்கள் எல்லாருக்கும் ஒரே முகவரி, வாலில் இரண்டு, மூன்று என்று எண் மட்டும் வித்தியாசம். அதை மாற்றவில்லை. வெளியில் எத்தனையோ பேர் அந்த இணைப்பைக் குறித்து வைத்திருப்பார்கள்.

பெயரைத் திருப்பி, கூகுளிடம் மறுபரிசீலனை கேட்டு, யப்பானியப் பக்கங்களின் முகவரிகளுக்கெல்லாம் இவை நிரந்தரமாகப் போய்விட்டன என்று பதில் சொல்லும்படி வைத்தேன். அவை தேடலிலிருந்து உதிர வாரக்கணக்காகும். ரொறொன்ரோ மாமி இப்போது செத்தவீடு பார்க்கிறா, சூதாட்டம் வருவதில்லை.

சுவிஸ் அண்ணை திரும்பவும் கதைக்கத் தொடங்கினார். நன்றி சொல்ல எடுக்கவில்லை. "தம்பி, வந்தவையின்ர கவுண்டர் எங்க?" பழைய தளத்தின் அடியில் எத்தனை பேர் வந்தார்கள், எந்தெந்த நாடு என்று கொடிகளோடு காட்டும் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. வேறொரு தளத்திலிருந்து ஓடும் நிரல் அது. அந்தத் தளம் எப்போதோ கைமாறி, இப்போது யாருடையது என்றே தெரியவில்லை. அதைத்தான் நான் முதலில் வெட்டினேன். சொன்னேன். அண்ணை விளங்கிக்கொண்டார், அல்லது விளங்கிக்கொண்ட மாதிரிக் கொஞ்சம் சும்மா இருந்தார்.

"சரி, புதுசா ஒண்டு போடும். பாதுகாப்பா, நீர் சொல்லுற மாதிரி. ஆனா சைபரிலயிருந்து தொடங்கேலாது கண்டீரோ. மற்றச் சங்கத்தின்ர சைட்டில இப்ப எத்தினை காட்டுதெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லும்."